பதிலுக்கு நிற்காத சொல்

“1979 ஜூலை 17, செவ்வாய். மு.ப. 11.20. இறக்காமத்துப் பெண். கொழும்பு ட்ரங்க் கோல் கிடைக்கவில்லை. சொரி சொல்லப்பட்டது. மழை இல்லை.”

அந்த நாளுக்கு என் நாட்குறிப்பில் உள்ள பதிவு இவ்வளவுதான். அதே பக்கத்தில் ஒரு மஞ்சள் சிட்டை செருகியிருக்கிறது. வெளியூருக்குத் தொலைபேசி எடுக்க வருகிறவர்கள் நிரப்பித் தரவேண்டிய சிட்டை அது. பெயரும் ஊரும் வேண்டிய நம்பரும் நீலப் பேனாவால், அதிகம் எழுதிப் பழகாத ஒரு கையின் உருண்டை எழுத்தில் இருக்கின்றன. அவற்றின் மேல் என் சிவப்பு மையில் குறுக்குக் கோடு, பக்கத்தில் ‘ரத்து’. இப்படியான சிட்டைகளைக் குறித்த காலத்தின் பின் எரித்துவிட வேண்டும் என்பது விதி. அன்று அவசரத்துக்கு இதன் முதுகில் ஏதோ குறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்ததால் இது மட்டும் தப்பியது. 1974 ஜனவரி முதல் நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். யார் வந்தார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், மழையா வெயிலா என்பதெல்லாம் இருக்கும். ஒரு பேச்சை எழுதினால் பேசியவர் யார் என்பதையும் எழுதாமல் விட்டதில்லை. இந்த ஒரு பதிவில் மட்டும் ‘சொரி’ என்ற இங்கிலீசுச் சொல் சொல்லப்பட்டிருக்கிறது, சொன்னவர் இல்லை. ஐந்து வருடமாக அது என் கண்ணில் படவில்லை. பிறகு அதைக் கண்டுபிடித்ததும் நானல்ல.

கல்முனைக்குத் தெற்கே ஒரு சிறிய தபாற் கந்தோரில் அப்போது கவுண்டரில் இருந்தேன். கந்தோரின் பெயர் இங்கு வேண்டாம். எனக்குப் பின்னால் ஒரு பலகை மறைப்பு. மறைப்பில் கை நுழையும் அளவுக்கு ஒரு சிறு ஜன்னல். அதற்கு அப்பால் சுவிட்ச் போர்டின் முன்னால் ஒப்பரேட்டர் காக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்; அண்ணன் முறைக்கு எங்களிடம் காக்கா. வெளியிலிருந்து வருகிறவர்கள் அவருடைய முகத்தைப் பார்க்க முடியாது, குரலை மட்டும் கேட்கலாம். அந்தக் குரலுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. கொழும்புக்குப் போகும் லைன்கள் இரண்டு. அவற்றில் ஒன்று பெரும்பாலும் பழுது. எனவே நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது தடவை அவர் ‘சொரி’ சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகச் சொல்வார். இழுத்து, தாழ்த்தி, அந்த லைன் கிடைக்காமல் போனதில் தனக்கே நட்டம் என்பதுபோல. பக்கத்துப் புடைவைக் கடைக்காரர் ஒருமுறை சொன்னார்: “லைன் கிடைக்காட்டியும் பரவால்ல, அவர்ர சொரிய ஒருக்காக் கேட்டுப்போட்டு வந்தா மனசு ஆறிப் போகும்.”

அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் எழுபதுகளின் நடுவில்தான் கந்தோர் வாசலைத் தாண்டி வீதிக்கு வந்தது என்பது என் கணிப்பு. அதற்கு முன்பு அது படித்த உத்தியோகத்தர்கள் தங்களுக்குள் வைத்திருந்த சொல். பிறகு பார்த்தால் பஸ்ஸில் இருந்தது, சந்தையில் இருந்தது, கடற்கரையில் கிரிக்கட் ஆடுகிற இளவட்டங்களின் வாயில் இருந்தது. முன்பெல்லாம் பஸ்ஸில் ஒருவருடைய காலை மிதித்தவர் “அல்லா, பட்டிட்டா?” என்று கேட்பார். கேள்வி என்பதால் மிதிபட்டவர் ஏதாவது சொல்லியாக வேண்டும். ‘பரவால்ல’ என்பார், அல்லது ‘கண் எங்க கிடக்கு’ என்பார். இரண்டில் எதைச் சொன்னாலும் மிதித்தவர் நின்று கேட்டுக்கொள்வார். ‘சொரி’ வந்த பிறகு, மிதிபட்டவர் நிமிர்வதற்குள் மிதித்தவர் இரண்டு சீற் தள்ளிப் போயிருந்தார். 1978 மார்ச் மாதக் குறிப்பு ஒன்று: எங்கள் வீதிக்கு வரும் மீன்காரர், பெட்டியில் வாழைச்சருகுக்குக் கீழே நல்ல பாரைக்குட்டிகளை வேறு வீட்டுக்கென்று மூடி வைத்துக்கொண்டு, “சொரி ராத்தா, முடிஞ்சு போச்சு” என்று என் உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். உம்மா அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்: “இங்கிலீசில சொல்றாரெண்டா சருகுக்குக் கீழ ஏதோ கிடக்கு.”

அந்தச் சொல் நுழையாத இடங்களும் இருந்தன. புருசன் பெண்சாதிக்கிடையில் அதைக் கேட்டதாக என் குறிப்புகளில் இல்லை. பெற்றோரிடம் சொல்ல முடியாது. என் தம்பி வாப்பாவின் சைக்கிளைக் கொண்டுபோய் மதகில் மோதி வளைத்துவிட்டு வந்து ‘சொரி வாப்பா’ என்றான். சைக்கிளுக்காக வாங்கியிருக்க வேண்டிய அடியை அந்தச் சொல்லுக்காக வாங்கினான். ஆள் இறந்த மையித்து வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஏன் என்று யோசித்து, வாசிகசாலையில் இருந்த பழைய அகராதிகளைப் புரட்டினேன். துயருற்ற, மனம் நொந்த என்று ஒன்றில் இருந்தது. புண், நோவு என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்று இன்னொன்று சொன்னது. மன்னித்துக்கொள் என்ற வேண்டுகோள் அதன் வேரில் எங்குமே இல்லை. சொல்கிறவர் தனக்கு நோகிறது என்று அறிவிக்கிறார். கேட்கிறவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. எங்கள் ஆட்களிடம் இருந்ததோ ‘பிழை பொறுத்துக்கொள்ளுங்க’. அதைச் சொன்னவர் பதில் வரும்வரை அந்த இடத்தைவிட்டு அசைய முடியாது. பொறுத்தேன் என்று மற்றவர் வாய் திறந்து சொல்லும்வரை நிற்க வேண்டும்; சொல்லாவிட்டால் இன்னொரு நாள் வந்து நிற்க வேண்டும். இதையெல்லாம் அன்று ஒரு கொப்பியில் அழகாக எழுதி வைத்தேன். எழுதியவனுக்கு அது எவ்விதத்திலும் உதவவில்லை என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். இருபத்திரண்டு வயதிருக்கும். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. இறக்காமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, சம்மாந்துறையில் மாறி, எங்கள் சந்தியில் இறங்கி நடந்திருந்தாள். நோன்புக்கு இன்னும் ஒன்பது பத்து நாட்கள் இருந்தன. அது சவூதிக்கு ஆட்கள் புறப்படத் தொடங்கியிருந்த காலம். அவளுடைய புருசன் கொழும்பில் ஒரு விடுதியில் விமானத்துக்குக் காத்திருந்தார். பதினேழாம் தேதி பத்து மணிக்கு இந்த நம்பருக்கு எடு, போனுக்குப் பக்கத்தில் நிற்பேன் என்று கடிதம் எழுதியிருந்தார். அன்று பின்னேரம் அவருக்குப் பயணம். அவள் சிட்டையை நிரப்பித் தந்துவிட்டுச் சுவரோரத்து வாங்கில் உட்கார்ந்தாள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நெல் ஆலையும் பெரும் வயல்களும் உள்ள போடியார் உள்ளே வந்தார். அவர் சிட்டை நிரப்புவதில்லை. மறைப்பின் ஜன்னலில் குனிந்து “தம்பி, கொழும்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு மறைப்புக்குள் போய்விடுவார். எங்கள் கந்தோருக்குக் கூரை ஒழுகினால் தகரம் தருகிறவர், பெருநாளைக்கு அரிசி அனுப்புகிறவர். வேலை செய்த ஒரே லைன் அவருக்குப் போயிற்று. மூன்று நிமிடத்தில் முடியும் பேச்சல்ல அது.

அவள் மூன்று தடவை எழுந்து வந்து கேட்டாள். மூன்று தடவையும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டேன். மூன்றாம் தடவை உள்ளிருந்து, போடியாரின் சிரிப்புச் சத்தத்துக்கு மேலாக, “சொரி சொல்லுங்க தம்பி, இண்டைக்குக் கிடைக்காது” என்று வந்தது. லைன் யாரிடம் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கக்கூடும். அவளுக்கு மட்டும் தெரியாது. நான் சிட்டையை இழுத்துச் சிவப்புக் கோடு போட்டேன். “அவர் பத்து மணிக்கு நிப்பன் எண்டு எழுதினவர்” என்றாள். “லைன் இல்ல தங்கச்சி, சொரி” என்றேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, பதினொன்றரை பஸ்ஸை விட்டால் அடுத்தது பின்னேரம்தான் என்பதால், குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். இரவு நாட்குறிப்பை எழுதினேன். மழை இல்லை என்பதை எழுத மறக்கவில்லை.

ஐந்து வருடங்கள். 1984 ஆகஸ்டில் ஒப்பரேட்டர் காக்காவுக்கு ஹஜ் பயணம் கைகூடியது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கக் கேட்பது எங்கள் வழக்கம். மனிதனுக்கு மனிதன் செய்த பிழையை அந்த மனிதன்தான் பொறுக்க வேண்டும், அதைச் சுமந்துகொண்டு அங்கே போய் நிற்பதில் பயனில்லை என்பது நம்பிக்கை. வழக்கம் என்பதால் அதற்கு ஒரு வாய்பாடும் உண்டு. “என்னால தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் நடந்திருந்தாப் பொறுத்து ஹலாலாக்குங்க” என்பார் வந்தவர். “நாங்களும் பொறுத்தம், நீங்களும் பொறுங்க, எங்களுக்கும் துஆ கேளுங்க” என்பார் வீட்டுக்காரர். தேநீர் வரும், அடுத்த வீடு. காக்கா சைக்கிளில் நான்கு நாட்கள் இப்படித் திரிந்தார். ஐந்தாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கிணற்றடிக்கும் வாசல் படலைக்குமாக நடந்தார். நானும் கூடவே நடக்க வேண்டியிருந்தது.

“தம்பி, எல்லாம் உங்கட கொப்பியில கிடக்கும் எண்டு ஆக்கள் சொல்ற. எழுபத்தொம்பதில ஒரு இறக்காமத்துப் புள்ள வந்த, கைப்புள்ளயோட. கோல் கிடைக்காமப் போன. பேர் இரிக்கா?”

ஐந்து வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொரி சொன்னவர், அவர்களில் பாதிப் பேருக்காவது போடியாருக்கும் பெரியவர்களுக்கும் லைனைக் கொடுத்துவிட்டுச் சொன்னவர், இந்த ஒருத்தியை மட்டும் ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். நடையை நிறுத்தாமல்தான் சொன்னார். அன்று போடியார் பதினொன்றரைக்குப் பேச்சை முடித்ததும் தனக்கு மனம் குறுகுறுத்ததாம். லைன் இன்னும் உயிரோடு இருந்ததால் அவள் தந்த நம்பருக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார். முதல் மணி முழுதாக அடித்து முடியுமுன் மறுபக்கம் எடுபட்டது. ஒன்றரை மணி நேரமாக அந்த மனிதர் போனின் மேல் கை வைத்தபடி நின்றிருக்க வேண்டும்.

“‘எடுத்திட்டியா புள்ள?’ எண்டு கேட்டான் தம்பி. நான் ஜன்னலால எட்டிப் பாத்தன். வாங்கில ஆளில்ல. என்னத்தச் சொல்ற? ‘சொரி, ரோங் நம்பர்’ எண்டுபோட்டு வயர உருவிட்டன்.”

கிணற்றடியில் வாளியை எடுத்து, தண்ணீர் அள்ளாமலே திரும்ப வைத்தார். நான் உள்ளே போய் 1979 ஆம் ஆண்டுக் கொப்பியை எடுத்து, சிட்டையைக் கண்டுபிடித்து வந்தேன். உண்மையைச் சொன்னால் அப்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. எரிக்க வேண்டியதை எரிக்காமல் வைத்திருந்தவன் நான். பெயர், ஊர், நம்பர், மணி, நிமிடம் எல்லாம் என்னிடம் இருந்தன. வழி காட்ட நானும் வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை, இருவரும் லீவு போட்டுவிட்டு இறக்காமம் போனோம். சிறுபோக அறுவடைக் காலம். வீதியின் இரு பக்கமும் பாதி அறுத்த வயல்கள். காக்கா பஸ்ஸில் சீற் கிடைத்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடையில் சிட்டையில் இருந்த பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டினார்கள். சவூதிப் பணத்தில் பாதி கல் வீடாகவும் மீதி பழைய களிமண் வீடாகவும் இருந்தது அது. முற்றத்தில் அவளுடைய வாப்பா கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். இரவு முழுக்க வயல் பரணில் யானைக்குக் காவல் இருந்து வந்தவர். காக்கா ஸலாம் சொல்லி, ஹஜ்ஜுக்குப் போவதாகச் சொன்னார். கிழவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “ஹஜ்ஜுக்குப் போற ஆக்கள் இந்தப் பக்கம் வாறல்ல. இஞ்ச வாறது யானைதான்” என்றார்.

காக்கா வாய்பாட்டைச் சொன்னார். கிழவர் யாரென்றும் எவரென்றும் கேட்காமல், வழக்கப்படி, நாங்களும் பொறுத்தோம் என்றார். அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்கலாம். வார்த்தை கிடைத்துவிட்டது. பலரும் அதோடு வந்துவிடுவார்கள். நான் செருப்பைத் தேடினேன். காக்கா எழுந்திருக்கவில்லை. “வாப்பா, அது பத்தாது. மகளக் கூப்பிடுங்க” என்றார்.

அவள் கதவு நிலையருகே வந்து நின்றாள். அன்று இடுப்பில் இருந்த குழந்தை இப்போது ஆறு வயதுப் பெண்ணாக அவளுடைய சீலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. காக்கா நிலத்தைப் பார்த்தபடி முதலிலிருந்து சொன்னார். லைன் இருந்தது என்றார். அதைப் போடியாருக்குக் கொடுத்தேன் என்றார். போடியார் வைத்த பிறகு நம்பரை எடுத்ததையும், மறுபக்கத்தில் கேட்ட குரலையும், தான் சொன்னதையும் சொன்னார். ரோங் நம்பர் என்ற இடத்தில் அவள் ஓரடி முன்னுக்கு வந்தாள்.

“அந்த ரோங் நம்பர் நீங்களா?”

“ஓம் தங்கச்சி.”

கிழவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவள், எங்களுக்கென்று இல்லாமல் வாப்பாவுக்குச் சொல்வதுபோல, ஒவ்வொன்றாகச் சொன்னாள். புருசன் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று இருவருக்கும் சண்டை. போக வேண்டாம் என்று அவள் மறித்திருக்கிறாள். அவர் கோபத்தில் ஏதோ ஏசிவிட்டார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் வாசலில் நின்று ஸலாம் சொன்னதற்குப் பதில் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து வந்த கடிதத்தில், நான் ஏசினதைப் பொறுத்துவிட்டாய் என்றால் அந்த நேரத்துக்குப் போன் எடு, எடுக்காவிட்டால் பொறுக்கவில்லை என்று விளங்கிக்கொண்டு போவேன் என்று எழுதியிருந்தார். ஒரு வார்த்தை சொல்லத்தான் அவள் வந்தாள். பொறுத்தேன், போய்ட்டு வாங்க என்று. ஒன்றரை மாதம் கழித்து ஜித்தாவிலிருந்து வந்த முதல் கடிதத்தில், போன் ஒருக்கா அடித்தது, ஓடிப்போய் எடுத்தேன், யாரோ ரோங் நம்பர் என்று வைத்துவிட்டான், அதன் பிறகு அடிக்கவே இல்லை என்று இருந்தது. அவளுடைய கடிதம் அவருக்குக் கிடைக்க இன்னும் ஒரு மாதம் சென்றது.

“எனக்குச் செய்ஞ்சத நான் பொறுத்தன், காக்கா” என்றாள். “அல்லாக்காகப் பொறுத்தன். அவர்ர மனசு அந்த ரெண்டு மூணு மாசமும் பட்டபாட்ட நான் எப்புடிப் பொறுக்கிற? அது அவர்ட சொத்து. அவர் ஜித்தாவிலதான் இரிக்கார். அங்கதானே போறீங்க, கேளுங்க.”

மகளிடம் ஒரு கடித உறையைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்த விலாசத்தை எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதியது நான்தான். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது என்னைப் பார்த்தாள். சத்தத்தை உயர்த்தாமல், சரிபார்த்துக்கொள்வதுபோலச் சொன்னாள்.

“நான் இவரக் கண்டதே இல்ல. எனக்குச் சொரி எண்டது நீங்கதானே. தலைய நிமித்தாம.”

பத்து வருடம் நாட்குறிப்பு எழுதியவன், அந்தச் சொல்லுக்கு அகராதி பார்த்து வேர் கண்டவன், என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அறியாதவனல்ல. என் பக்கத்தில் ஒரு மனிதர் அப்போதுதான் அதைச் சொல்லிக் காட்டியிருந்தார். அந்த வாக்கியம் என் தொண்டைவரை வந்தது. வாயில் வந்தது வேறு. “ஓம் தங்கச்சி… சொரி” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு தொடங்கி நின்றுவிட்டது போலிருந்தது. தேத்தண்ணி ஊற்றி வாறன் என்று உள்ளே போனாள். தேத்தண்ணியைக் கொண்டுவந்து தந்தவர் கிழவர். குடித்தோம். பஸ்ஸுக்கு நேரமாயிற்று. காக்கா திரும்பும்போது சீற்றில் உட்கார்ந்து தூங்கிவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தது நான்.

ஒக்டோபரில் அவர் ஹாஜியாராகத் திரும்பினார். பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் கொண்டுவந்து தந்துவிட்டு, ஜித்தாவில் அந்த மனிதரைக் கண்டதைச் சொன்னார். ஒரு வேலைத்தள வாசலில் மத்தியான வெயிலில் நின்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: எத்தனை மணி மட்டும் அவள் இருந்தாள்? காக்காவுக்கு என் பதிவு ஞாபகம் இருந்தது. ஒன்பது மணியிலிருந்து பதினொன்று இருபது மட்டும் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாராம், ஒன்பதிலிருந்து பதினொன்று இருபது என்று. அதன் பிறகுதான் பொறுத்தேன் என்ற வார்த்தை வந்ததாம். என் நாட்குறிப்பில் எழுதிய எதுவும் எவருக்கும் பயன்பட்டதென்றால் அந்த ஒரு நேரம்தான். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஹாஜியார் அதற்குப் பிறகு சுவிட்ச் போர்டில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. லைன் வேறு ஆளிடம் இருந்தால், வேறு ஆளிடம் இருக்கிறது, உங்கள் முறை மூன்றாவது, நில்லுங்கள் என்றார். போடியாரையும் சிட்டை நிரப்பச் சொன்னார். ஊருக்கு இது பிடிக்கவில்லை. முன்பு எவ்வளவு மரியாதையாகச் சொரி சொல்வார், ஹஜ்ஜுக்குப் போய்வந்து வாய் கடுத்துப் போயிற்று என்று குறைப்பட்டார்கள். மேலிடத்துக்கு இரண்டு பெட்டிசங்கள் போயின. ஒன்றை எழுதியவர் அந்தப் புடைவைக் கடைக்காரர். எந்தப் பெட்டிசத்தின் பயனோ, அடுத்த வருடம் ஹாஜியாருக்கு இடமாற்றம் வந்தது.

என் பக்கம் வேறு. 1984 டிசம்பர்க் குறிப்பில் ‘இறக்காமம் போக வேண்டும்’ என்று இருக்கிறது. 1985 பெப்ரவரியிலும் அதே வரி. அந்த வருடச் சித்திரைக் கலவரத்துக்குப் பிறகு வீதிகள் ஒரு நாள் திறந்தும் ஒரு நாள் மூடியும் கிடந்தன. போகாமல் இருக்க நாட்டு நிலைமையே காரணம் தந்தது. அதை நான் நன்றியோடு ஏற்றுக்கொண்டேன் என்று இப்போது எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு எனக்கும் இடமாற்றம், பிறகு பிள்ளைகள், பிறகு 2004 சுனாமியில் கடல் வந்தது. ஹாஜியார் அதற்கு இரண்டு வருடம் முந்தியே மௌத்தாகி அடக்கப்பட்டிருந்தார். அந்தச் சிட்டை அலுமாரியின் மேல்தட்டில் இருந்ததால் இரண்டாம் முறையும் தப்பியது.

இப்போது எவருக்கும் ட்ரங்க் கோல் தேவையில்லை. போன மாதம், இறக்காமத்தில் தெரிந்த ஒருவர் மூலமாக, அவளுடையது என்று ஒரு கைபேசி நம்பர் கிடைத்தது. மூன்று நாட்களில் ஏழு தடவை எடுத்தேன்; ஏழின் நேரத்தையும் குறித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் குரல், பதிவு செய்யப்பட்டது, நீங்கள் அழைக்கும் இலக்கத்தோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்று மூன்று மொழிகளில் வருத்தம் தெரிவித்தது. சொல்லி முடித்ததும் லைனை அறுத்துக்கொண்டது. ஒப்பரேட்டர் காக்காவின் பழைய குரலில் இருந்த அளவு மெருகு அதிலும் இருந்தது.

1979 ஜூலை 17 ஆம் தேதிப் பதிவின் கீழ் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘சொன்னது நான்.’ சிட்டையைத் திரும்பவும் அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன். இறக்காமத்தில் நான் விசாரித்தவர்கள் இருவர். அந்தப் பெண் மகளோடு சாய்ந்தமருதில் இருக்கிறார் என்கிறார் ஒருவர். அவர் மௌத்தாகி இரண்டு வருடமாகிறது என்கிறார் மற்றவர். சாய்ந்தமருது என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். இரண்டில் எது உண்மை என்பதை, இதை எழுதும் இந்த நேரம்வரை, நான் உறுதிப்படுத்தவில்லை.